துளைபட்ட தகடு, தப்பிய கணக்கு

சாதாரண ரைஃபிள் குண்டு ஈயத்தால் ஆனது. மேலே மெல்லிய உலோக உறை. கெட்டியான எஃகுத் தகட்டில் மோதினால் அதன் முனை நசுங்கும், ஈயம் நாலாபுறமும் சிதறும், வேகம் அந்தச் சிதறலிலேயே தீர்ந்துபோகும். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை கையாண்ட ‘கே’ தோட்டா இந்தக் குறைக்கு மாற்றாக வந்தது. அதன் குண்டுக்குள் பதமேற்றிய எஃகு முளை ஒன்று இருந்தது; அதைச் சுற்றி ஈயம், அதன்மேல் உறை. மோதும் கணத்தில் உறையும் ஈயமும் நொறுங்கினாலும் முளை தன் கூர்மை கெடாமல் தகட்டுக்குள் இறங்கும். பதுங்குகுழிகளில் குறிபார்த்துச் சுடுபவர்கள் மறைந்திருந்த எஃகுக் கேடயங்களைத் துளைக்கப் பயன்பட்ட இந்தத் தோட்டாவே டாங்கிகளை எதிர்க்கவும் காலாட்படைக்குக் கைகொடுத்தது.

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில், ஃப்ளெர் கிராமத்தருகே, பிரிட்டனின் மார்க் 1 டாங்கிகள் முதன்முறையாகக் களமிறங்கின. கவசத்தின் கனம் 6 முதல் 12 மில்லிமீட்டர். சாதாரணத் தோட்டா அதைத் துளைக்கவில்லை. ஆயினும் உள்ளே இருந்தவர்கள் காயமின்றித் தப்பவில்லை. நொறுங்கிய ஈயத் துளிகள் பார்வைத் துவாரங்கள் வழியாகவும் தகட்டு இணைப்புகளின் இடுக்குகள் வழியாகவும் உள்ளே பாய்ந்தன. அடிபட்ட தகட்டின் உட்புறத்திலிருந்து எஃகுச் சில்லுகள் தெறித்தன. இரும்பு வளையங்கள் கோத்த தொங்கலுடன் தோல் முகமூடிகளை டாங்கி வீரர்களுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. தோட்டாவின் வலிமையை அது போட்ட ஓட்டையை மட்டும் வைத்து அளந்தால், இந்த முகமூடிகள் ஏன் தேவைப்பட்டன என்பது விளங்காது.

கே தோட்டாவின் வரலாற்றில் முக்கியமான நாள் 1917 ஏப்ரல் 11. அராஸ் நகருக்குத் தென்கிழக்கே உள்ள புல்கூரில், முன்கூட்டிய பீரங்கிச் சரமாரி இல்லாமல், டாங்கிகளை நம்பியே ஆஸ்திரேலியக் காலாட்படை பனிமூடிய வெளியில் முன்னேறியது. அனுப்பப்பட்டவையோ மார்க் 2 வகை. பயிற்சிக்கென்று செய்யப்பட்டதால் அவற்றின் தகடுகளுக்குப் பதமேற்றவே இல்லை. புதிய வகை வந்துசேரத் தாமதமானதால் போர்முனைக்கு இவை தள்ளப்பட்டன. கே தோட்டாக்கள் தகட்டைத் துளைத்தன. எஞ்சியதைப் பீரங்கிகள் பார்த்துக்கொண்டன. டாங்கிகளால் வழி திறந்துதர முடியவில்லை. களமிறங்கிய 4ஆவது ஆஸ்திரேலிய பிரிகேடின் 3,000 பேரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ சிறைபட்டோ போனார்கள். எந்தத் தகடு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்திருந்தும் அதை எதிரியின் எந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது மன்னிக்கக்கூடிய பிழை அல்ல.

வென்றவர்களும் அன்றைய தினத்தைத் தவறாகவே படித்தார்கள். கைப்பற்றிய இரண்டு டாங்கிகளை ஆராய்ந்த ஜெர்மானியர்கள், கே தோட்டாவே போதும் என்று முடிவுகட்டினார்கள். அவர்கள் சோதித்தது பதமேறாத தகடு. ஜூன் 7 அன்று மெசின் தாக்குதலில் வந்த மார்க் 4 டாங்கியின் தகடு பதமேற்றியது, 12 மில்லிமீட்டர் கனம். கே தோட்டா அதனிடம் பெரும்பாலும் தோற்றது. நவம்பர் 20இல் காம்ப்ரேயில் 400க்கும் மேற்பட்ட டாங்கிகள் திரண்டபோது, ஜெர்மானியக் காலாட்படையிடம் அவற்றைத் தடுக்கும் ரைஃபிள் எதுவும் இல்லை. 13.2 மில்லிமீட்டர் மௌசர் டாங்கி எதிர்ப்பு ரைஃபிள் 1918இல்தான் வந்தது. சுமார் 18 கிலோ எடை; ஒவ்வொரு முறையும் கையால் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுட வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்து வேறு வழியை நாடியது. அதன் 1935ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிளின் குண்டில் கெட்டியான முளையே கிடையாது, 7.92 மில்லிமீட்டர் ஈயக் குண்டுதான். ஆனால் நீண்ட ரவைக்கூடும் மிகுதியான வெடிமருந்தும் சேர்ந்து அதை நொடிக்கு 1,200 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் செலுத்தின. அந்த வேகத்தில் குண்டு நசுங்கினாலும், தகட்டிலிருந்து ஒரு வில்லையைப் பெயர்த்து உள்ளே எறிந்தது. 1939இல் வந்த ஜெர்மானிய பான்சர் 1 டாங்கியின் 13 மில்லிமீட்டர் கவசம் அதற்குத் தாங்கவில்லை. ஆயுதத்தை அளவு மீறி ரகசியமாக வைத்திருந்ததால் வீரர்களுக்குப் பழக அவகாசமில்லாமல் போனது. ஜெர்மனியோ டங்ஸ்டன் கார்பைடு முளை கொண்ட ரைஃபிள் தோட்டாவைச் செய்தது. ஆனால் அந்த அரிய உலோகம் ஆலைகளின் வெட்டுக்கருவிகளுக்கும் பீரங்கிக் குண்டுகளுக்கும் வேண்டியிருந்தது.

டாங்கிகளின் கவசம் தடிமனானதும் ரைஃபிள் தோட்டாவுக்கு எஞ்சிய இலக்கு துருப்புகளை ஏற்றிச்செல்லும் இலகுரக வாகனங்கள்தாம். முன்னே சக்கரமும் பின்னே சங்கிலித்தடமும் கொண்ட அமெரிக்காவின் எம்3 வாகனத்தின் பக்கத் தகடு 6.35 மில்லிமீட்டர்தான். தொலைவிலிருந்து வரும் சாதாரணத் தோட்டாவை அது தடுத்தது. அருகிலிருந்து பாயும் எஃகு முளைத் தோட்டாவுக்கு வழிவிட்டது. ஏறத்தாழ 9 டன் எடையை ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த வண்டியில் தகட்டை மேலும் தடிமனாக்கினால் வேகமும் இயந்திரத்தின் ஆயுளும் குறையும். ஜெர்மனியின் 251 வகை வாகனத்தில் 8 மில்லிமீட்டர் பக்கத் தகடுகளைச் சாய்த்துப் பொருத்தியிருந்தார்கள். சாய்ந்த தகட்டில் தோட்டா கடக்க வேண்டிய தொலைவு கூடும், பல சமயம் அது வழுக்கியும் விலகும். அதிக எடை ஏற்றாமலே பாதுகாப்பு கிடைத்தது. இரண்டுக்கும் கூரை இல்லை. உயரமான கட்டடத்திலிருந்து சுடுபவனுக்குச் சாதாரணத் தோட்டாவே போதுமானதாக இருந்தது.