கல்லூரியில் இசை பயிலலாமா?



கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டு இறங்கிப் பத்மதீர்த்தக் குளக்கரை வழியே நடந்தால், குதிரைமாளிகையை அடுத்து ஒரு பழைய மண்டபத்தைக் காணலாம். அதன் பெயர் நவராத்திரி மண்டபம். ஆண்டுதோறும் நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும் அங்கே கச்சேரி நிகழும். இன்ன நாளில் இன்ன இராகம் என்பது சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) காலத்திலிருந்து வரும் முறை. எத்துணைச் சிறப்பாகப் பாடினாலும் அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை.

பாட்டோ வீணையோ மிருதங்கமோ பயின்றுவரும் மாணவர்க்குப் பள்ளியிறுதி வகுப்பில் ஒரு கேள்வி எழும். கல்லூரியிலும் இசையையே பாடமாக எடுக்கலாமா? வீட்டில் கேட்டால், “பாட்டு சோறு போடுமா?” என்பார்கள். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. பிழைப்புத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்த பெற்றோர், நிலையான வருவாயின் அருமையைப் பட்டு அறிந்தவர்கள். ஆயினும் அக்கேள்விக்கு விடை உண்டு. நம் நகரிலேயே வாழ்ந்த ஒருவரது வரலாறு அதனைக் காட்டுகிறது.

1939ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஓர் இசைக் கழகம் தொடங்கப்பெற்றது. இன்று தைக்காட்டில் விளங்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி அதுவே. அதன் முதல் தலைமையாசான் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே. அங்கே சேர்ந்த முதல் மாணவி பாறசாலை பொன்னம்மாள். 1924இல் பிறந்த அவர், கானபூஷணம், கானப்பிரவீணா ஆகிய படிப்புகளை முதலிடம் பெற்று முடித்தார். பள்ளியில் இசையாசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர், தாம் பயின்ற கல்லூரியிலேயே முதல் பெண் ஆசிரியரானார். திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். பாட்டு அவருக்குச் சோறு போட்டது. அதற்கு வழி அமைத்தது கல்லூரிக் கல்வி.

ஆனால், நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதற்குப் பல தலைமுறைகளாக இடமில்லாதிருந்தது. 2006ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கம் மாறியது. அன்று அங்கே பாடிய முதல் பெண்மணி பொன்னம்மாளே. அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். 2017இல் பத்மஸ்ரீ விருது வந்தது. மேடையும் விருதும் மட்டுமே இலக்காக இருந்திருந்தால், அவர் எப்போதோ சோர்ந்திருப்பார். கற்பதும் கற்பிப்பதுமே அவரது அன்றாட வாழ்வாக இருந்தன. ஆதலால் முதுமையிலும் குரல் அவருக்குத் துணைநின்றது.

கல்லூரியில் சேராதவர் இசையில் சிறக்க முடியாதா எனில், முடியும். தஞ்சை மாவட்டத்தில் 1890இல் பிறந்த பாபநாசம் சிவன், இளமையிலேயே தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரத்திற்கு வந்தவர். உங்களைப் போலவே அவரும் வந்த ஊரில் மலையாளம் கற்றார். சமஸ்கிருதக் கல்லூரியில் அவர் பயின்றது இலக்கணம். இசையைக் கல்லூரிக்கு வெளியே ஆசிரியர்களிடம் கற்றார். நீலகண்ட சிவனின் பஜனைகளில் உடன் பாடி வளர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் எண்ணற்ற தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றினார். அவர் கற்ற இலக்கணம் வீண்போகவில்லை. சொல்லறிவு இன்றிக் கீர்த்தனை ஏது?

ஆகவே, என் கருத்து இது. கல்லூரி மூன்று நன்மைகளைத் தரும்: முறையான பாடம், பல ஆசிரியர்களின் வழிகாட்டல், பணிக்குத் தகுதியான பட்டம். அன்றாடப் பயிற்சிக்கான மனத்தை அது தராது. அதனை நாமே கொண்டுசெல்ல வேண்டும். எனவே ஓராண்டுக் காலம் உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். போட்டி, பரிசு, ஆண்டுவிழா எதுவும் இல்லாத நாள்களிலும், யாரும் எழுப்பாமலே விடியலில் எழுந்து ஒரு மணிநேரம் சாதகம் செய்ய இயல்கிறதா? இயலுமெனில், அஞ்சாமல் இசையைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோரிடம் வாதிட வேண்டியதில்லை. அந்த ஓராண்டே உங்களுக்காகப் பேசும். இயலவில்லையெனில், வேறு பாடத்தை எடுத்துக்கொண்டு, இசையை வாழ்நாள் தோழமையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. உள்ளத்தில் விருப்பமும் உடலில் உழைப்பும் இருந்தும், அச்சம் ஒன்றுக்காகவே இசையைக் கைவிடுவதுதான் பிழை.

அடுத்த நவராத்திரியில் பெற்றோருடன் அம்மண்டபத்திற்குச் சென்று அமர்ந்து கேளுங்கள். கைதட்டல் இல்லாத அவையிலும் பாட விரும்புகிறேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சிந்தித்து எழுதுக

1. “பாட்டு சோறு போடுமா?” என்னும் கேள்விக்குக் கட்டுரையாசிரியர் தரும் விடை யாது? அதனை நீங்கள் ஏற்கிறீர்களா?
2. பொன்னம்மாள், பாபநாசம் சிவன் ஆகியோர் இசை பயின்ற வழிகளை ஒப்பிடுக.
3. நீங்கள் விரும்பும் மேற்படிப்பைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம் வரைக.