தட்டு கழுவுற இடத்துல கிடைக்கிற சந்தோஷம்



புரட்டாசி வரப்போகுது. சனிக்கிழமை அன்னதானத்துக்கு எவர்சில்வர் தட்டா, தூக்கிப் போடுற தட்டா என்ற பேச்சும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. "எதுக்கு இந்தக் கஷ்டம்? சாப்பிட்டோமா, தூக்கிப் போட்டோமான்னு போயிடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. சமையல்கட்டில் நிற்கும் தொண்டூழியர்கள் என்ற முறையில் எங்கள் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறோம்.

முன்பு நாங்களும் தூக்கிப் போடும் தட்டுதான் வைத்திருந்தோம். வேலை சீக்கிரம் முடிந்தது உண்மை. மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். ஆனால் பின்வாசலில் கறுப்புப் பைகள் குவிந்து கிடக்கும். தட்டு, கப், கரண்டி, அதோடு பாதி சாப்பிட்டு விட்ட சாம்பார் சாதம். அதைத் தாண்டித்தான் வெளியே போகணும். இத்தனை பேருக்குச் சோறு போட்டோம் என்ற நிறைவு அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்துவிடும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் அது உறுத்தியது.

அந்தப் பைகள் எங்கே போகுது? சிங்கப்பூரில் குப்பையை ஆலையில் எரிக்கிறார்கள். எரித்தாலும் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலைக் கடல்வழியாகக் கொண்டுபோய்ச் செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். 1999-இல் திறந்த அந்த இடம்தான் நமக்கு இருக்கிற ஒரே குப்பை நிரப்பும் இடம். இப்படியே போனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். கீழே சிந்திய பிரசாதத்தை மிதிக்க நமக்கு மனசு வராது. அதைத் தாங்கிய தட்டைப் பத்தே நிமிடத்தில் குப்பையில் எறிய மட்டும் மனசு வருது.

எவர்சில்வர் தட்டுக்கு மாறிய முதல் வாரம் நாங்களே முணுமுணுத்தோம். முதுகு வலித்தது, சேலை நனைந்தது, வீட்டுக்குப் போக ஐந்து மணி ஆனது. இரண்டாம் வாரம் ஒரு முறை வந்தது. ஒருவர் மிச்சத்தை வழிப்பார், ஒருவர் சோப்பு போடுவார், ஒருவர் அலசுவார், ஒருவர் துடைத்து அடுக்குவார். குழாயைத் திறந்தே விடாமல் பெரிய பேசினில் தண்ணீர் பிடித்து அலசினோம். பிறகு, சாப்பிட்டவர்களே கையை மடித்துக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள், வேலை முடிந்து வரும் ஊழியர் தம்பிகள், தனியாக இருக்கும் ஓர் அக்கா. "வீட்டுல கை சும்மா இருந்தாதான் மனசு கனக்குது, இங்க வந்தா லேசாயிடுது" என்றார் அந்த அக்கா.

சுற்றுச்சூழல் என்றாலே எதையோ விட்டுக்கொடுக்கணும் என்று நினைக்கிறோம். நாங்கள் கண்டது வேறு. தொடங்கிய காரியத்தைக் கடைசிவரை நாமே பார்த்து முடித்தால் ஒரு நிம்மதி வருது. சோறு போடுவது மட்டும் சேவை, மிச்சத்தை வேறு யாரோ பார்த்துக்கொள்ளட்டும் என்றால் அந்த நிம்மதி வராது. 2023 ஜூலையில் பேரங்காடிகளில் பைக்கு ஐந்து காசு வாங்க ஆரம்பித்ததும் நாம் வீட்டிலிருந்து பை எடுத்துப்போகப் பழகினோம். கோயிலில் காசுக்காகப் பழக வேண்டாம், மனசுக்காகப் பழகுவோமே.

தைப்பூசக் கூட்டத்துக்கு இந்த முறை ஒத்துவராது, அதுவும் எங்களுக்குத் தெரியும். அத்தனை பேருக்குத் தட்டு கழுவ இடமும் கிடையாது, ஆளும் பத்தாது. ஆனால் சனிக்கிழமைப் பந்திக்கு முடியும், செய்து பார்த்துவிட்டோம்.

அதனால் உங்களிடம் மூன்றே வேண்டுகோள். முதல் முறை கொஞ்சமாக வாங்குங்கள், பிடித்திருந்தால் மறுபடி வாங்க, பாத்திரத்தில் இருக்கும்வரை இல்லையென்று சொல்ல மாட்டோம். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குத் தாப்பாவ் வேணும்னா டப்பா கொண்டு வாங்க. சாப்பிட்டு முடித்ததும் அவசரம் இல்லைன்னா, இருபது நிமிடம் பின்பக்கம் வந்து எங்களோடு நில்லுங்க. கழுவத் தெரியாதவர்களுக்குத் துடைக்கிற வேலை இருக்கு.

பின்வாசலில் பை குவியாத சனிக்கிழமையில் வீட்டுக்குப் போய்ப் பாருங்க. கால் வலிக்கும். ஆனா தூக்கம் நல்லா வரும்.