மணி அடித்தால் ஓடி வருவது யார்?

தனியாக வாழும் முதியோருக்கு அபாய அறிவிப்புக் கருவி

ரயிலில் போகிறவர்களுக்கு ஆபத்து வந்தால் அபாயச் சங்கிலி இருக்கிறது. பிடித்து இழுத்தால் வண்டி நிற்கும். கார்டு இறங்கி வருவார். வீட்டில் தன்னந்தனியாக இருக்கும் வயோதிகர்களுக்கு ஆபத்து வந்தால் இழுப்பதற்கு என்ன இருக்கிறது?

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் பலரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, இரண்டு ஜில்லாக்களிலும் சேர்ந்து சுமார் 13 லட்சத்து 20 ஆயிரம் பேர். அவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் கிராமவாசிகள். மக்காச்சோளத்தையும் வெங்காயத்தையும் முந்திரியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் பலர் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். ஊரில் தாயும் தகப்பனும் மட்டும் இருக்கிறார்கள். சில வருஷங்கள் போனால் அந்த இருவரில் ஒருவர்தான் மிச்சம்.

எழுந்திருக்க முடியாவிட்டால்...

தவறி விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

விழுந்த அடி ஒரு பக்கம். எழுந்திருக்க முடியாமல் கிடப்பது இன்னொரு பக்கம். பல மணி நேரம் தரையில் கிடந்தால் உடம்பில் நீர் வற்றும். அழுந்திய இடத்தில் புண் உண்டாகும். நசுங்கிய தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சீக்கிரம் தூக்கிவிட ஆள் இருந்தால் இந்தத் தொல்லைகளில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

கழுத்தில் ஒரு பொத்தான்

இதற்காகவே 1970-களில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோர்மான் என்பவரும், அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்ற மனோதத்துவ நிபுணரும் அபாய அறிவிப்பு முறைகளை உருவாக்கினார்கள். கழுத்திலோ மணிக்கட்டிலோ ஒரு சிறு பொத்தான். அழுத்தினால் வீட்டு டெலிபோன் மூலம் உதவி நிலையத்துக்குச் செய்தி போகும். இப்போது சிம் கார்டில் இயங்கும் கருவிகள் வந்துவிட்டன. அணிந்தவர் விழுந்தால் தானாகவே செய்தி அனுப்பும் கைக்கடிகாரங்களும் வந்திருக்கின்றன.

ஆனால், பொத்தான் மட்டும் போதுமா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். 2008-ம் ஆண்டு அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. வருஷத்துக்குள் விழுந்தவர்கள் 66 பேர். பலரிடம் அபாயப் பொத்தான் இருந்தது. ஆனாலும் நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை! பிறர் தயவில்லாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம், அதனால் என்ன பயன் என்ற நினைப்பு, அழுத்துவதில் சிரமம் ஆகியவை காரணங்கள்.

நம் ஊர்த் தாய்மார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "பிள்ளைக்கு ஏன் தொந்தரவு?" என்று வலியைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

கையிலேயே இருக்கும் மணி

விலை கொடுத்துக் கருவி வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2017-ம் ஆண்டு ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் செல்போன்களில் அபாய அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் விதி. பொத்தான் வைத்த சாதாரண செல்போனில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்புப் போக வேண்டும். 112 என்ற எண்ணையும் நேராக அழைக்கலாம். தாயார் கையில் உள்ள செல்போனில் எந்த எண் வேலை செய்கிறது என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குளியலறையில் வழுக்கி விழும்போது செல்போன் அலமாரியில் இருந்தால் பயன் இல்லை. கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இரவில் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும்.

கதவைத் திறப்பது யார்?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ம் ஆண்டு முதல் இலவசமாக ஓடுகிறது. வண்டி தெருவுக்கு வந்துவிடும். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால்? நடு இரவில் துபாயில் இருக்கும் மகனுக்கு அபாயச் செய்தி போனால், அவர் அங்கிருந்து என்ன செய்வார்? ஊரில் யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல் தவிப்பார்.

ஆகவே கருவி வாங்குவதற்கு முன்பே ஆட்களை ஏற்பாடு செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தில் மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவராவது தூக்கிவிடும் பலம் உள்ளவராக இருக்க வேண்டும். ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்க வேண்டும். வெளியில் இருந்து திறக்கக்கூடிய பூட்டாக இருப்பது அவசியம்.

காலையில் வாசல் தெளிக்கவில்லை, பால்காரர் கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் எட்டிப் பார்ப்பது கிராமத்துப் பழக்கம். அந்தப் பழக்கத்தை ஒரு பொறுப்பாக ஒருவரிடம் ஒப்படைத்தாலே பாதிக் கவலை தீரும்.

சட்டத்தில் இருக்கிறது

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ம் ஆண்டு வந்தது. அதன் கீழ் 2009-ம் ஆண்டு தமிழ்நாடு சர்க்கார் விதிகளை வகுத்தது. தனியாக வாழும் முதியோரின் பட்டியலை ஒவ்வொரு போலீஸ் நிலையமும் வைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. தம் பெற்றோரின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்கப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு.

2021-ம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களின் வீட்டுக்கே பெண் ஊழியர்கள் போகிறார்கள். யார் தனியாக இருக்கிறார், அவர் கூப்பிட்டால் யார் வருவார் என்பதையும் அவர்கள் குறித்துக்கொண்டால் சர்க்காருக்குப் பெரிய செலவு இல்லை. 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் உண்டு. ஆனால் அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான். ஆலோசனைக்கும் வழிகாட்டுதலுக்கும் உரியது. உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐயோ 112-ஐயோதான் கூப்பிட வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் புதுக் கருவி வாங்கி வரட்டும்; நல்லதுதான். அதோடு பக்கத்து வீட்டுக்கும் போய், "எங்கள் அம்மா கூப்பிட்டால் நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டுவிட்டு, மாற்றுச் சாவியையும் கொடுத்துவிட்டுத் திரும்பட்டும்.