பிறநாட்டுதவியும் அடுத்தாளும்

புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு தன் கல்லூரிகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் தொழிற்சாலைகளையும் அமைத்துக்கொள்ளுதற்குப் பிறநாட்டாரின் துணையை நாடலாமா, நாடுதல் தகாதா என்பது மாணவர் சொற்போர்களில் அடிக்கடி எழும் வினா. நாடலாம் என்பார் உலகமெல்லாம் ஒரு குடும்பம் என்று தொடங்குவர். தகாது என்பார் கையேந்திப் பெற்றதன்று நம் விடுதலை என்று முடிப்பர். கைதட்டல் இரு சாராருக்கும் ஒன்றுபோலவே கிடைக்கும். வந்த உதவி எவ்வளவு, தந்தவர் யார் என்பவற்றைப் பற்றி இருவரும் பேசுவர். தந்தவர் திரும்பிச் செல்லும்பொழுது தம் இருக்கையில் யாரை அமர்த்திச் சென்றார் என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. எம் கருத்தில் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

காரைக்குடியைச் சார்ந்த நேமத்தான்பட்டியிலும் அதன் சுற்றூர்களிலும் பிறந்தார்க்கு இக்கேள்வி புதியதன்று. இரங்கூன் மொகல் தெருவிலும் பினாங்கிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் நம் முன்னோர் கடை வைத்திருந்த காலத்தில், கடையை நடத்தும் மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டே தவணை. அது முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து அவர் ஊர் திரும்புவார். மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்து வேலை பார்த்தவருக்கு அடுத்தாள் என்பதே பெயர். அவருக்கும் கீழே, பெட்டியடியில் அமர்ந்து, வரவையும் செலவையும் கண்ணாற் கண்டு, ஏவின வேலையெல்லாம் செய்து தொழில் பழகுபவன் பெட்டியடிப் பையன். இன்றைய பையன் நாளைய அடுத்தாள். நாளைய அடுத்தாள் மறுநாளைய மேலாள். முதலாளி தம் ஊர்த் திண்ணையில் இருந்தபடியே, கடலுக்கு அப்பால் ஒரு கடை தலைமுறை தலைமுறையாய் நடந்த மருமம் இதுதான். ஒருவர் போய்விட்டால் கடை கதவடைக்கும் என்ற நிலைக்கு அவர்கள் இடம் வைக்கவில்லை.

ஆயினும் அவ்வேற்பாட்டிற் பெருங்குறை ஒன்று இருந்ததை மறைத்தல் நேர்மையாகாது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகிய மூவரும் இங்கிருந்தே சென்றனர். கீழ்ப்பர்மாவின் காடு திருத்திய உழவர்க்கு நம்மவர் கடன் கொடுத்தனர். அக்கடனால் நெல் விளைந்தது. கப்பல் கப்பலாய் அரிசி சென்றது. 1930இற்குப் பின் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது, கடனுக்கு ஈடாக வயல்கள் நம்மவர் கைக்கு வந்தன. அப்பத்தாண்டு முடியுமுன் அந்நாட்டின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் காற்பங்கு நிலம் செட்டியார்களுடையதாயிற்று. பர்மியருட் பெட்டியடியில் அமர்ந்து நம் கணக்கைக் கற்றவர் எவர்? அந்நாட்டார் நம்முடைய முதலை உதவி என்று ஒருபோதும் எண்ணாமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. 1948 ஜனவரி 4இல் பர்மா விடுதலை பெற்றது. நிலம் அரசாங்கத்தின்பாற் சென்றது. 1964இல் கடைகளும் சென்றன. எம் ஊர்ப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்றும் மெருகு குன்றாமல் நிற்கின்றன. நம்மவர் அங்கே விட்டுவந்தவற்றுள் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் முருகன் கோயில்களே.

இனி, வாங்குவோராய் நாம் நின்ற கதையைக் காண்போம். 1947இல் இந்நாடு விடுதலை பெற்றபோது நிலையம் அமைக்கும் வேலை எங்கும் தொடங்கிற்று. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்குக் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பெருநகரங்களுக்கு உரியதென்று பலரும் எண்ணியிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் செம்மண் பொட்டலுக்கு வந்ததன் காரணம், கேட்கப் போகுமுன் கொடுக்க ஒருவர் இருந்தமையே. நிலமும் முதற்பொருளும் உள்ளூரிலேயே கிடைத்துவிட்டால், பின்பு யார் வந்து எக்கருவியைக் கொடுத்தாலும், வீட்டுக்காரர் யார் என்பதில் ஐயம் எழாது.

பெரம்பூர் இரயிற்பெட்டித் தொழிற்சாலையின் கதை இதனினும் வேறுபட்டது. 1949இல் இந்திய அரசாங்கம் ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நகரத்துக் கம்பெனி ஒன்றோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 1955 அக்டோபர் 2இல் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஸ்விஸ் நிபுணர் வரைபடம் தந்தனர், வேலை பழக்கினர், சென்றனர். பெட்டிகள் பின்னர் இலங்கைக்கும் பர்மாவிற்கும்கூட ஏற்றுமதியாயின. எனினும் அந்தப் பழைய ஸ்விஸ் மாதிரியின் வழிவந்த பெட்டிகளையே 2018 வரையிலும் செய்துகொண்டிருந்தனர். அடுத்தாள் மேலாளானான், ஆனால் அறுபதாண்டு பழைய பேரேட்டையே படியெடுத்துக்கொண்டிருந்தான் என்று குறை கூறுவார் உளர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. அவ்வாண்டிலேயே, பின்னர் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற வண்டியை அங்குள்ளாரே தம் வடிவமைப்பில் உருவாக்கி வெளியிட்டனர் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை மேற்கு ஜெர்மனி அமைத்துக் கொடுத்தது என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. 1956இல் நேரு அந்நாட்டிற்குச் சென்றிருந்தபோது எழுந்த பேச்சு 1959இல் உடன்படிக்கையாக முதிர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 31இல் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் கழகத்தைத் தொடங்கிவைத்தார். ஜெர்மானியர் கருவிகளையும் பேராசிரியர்களையும் அனுப்பினர். நம் ஆசிரியர்களைத் தம் நாட்டிற்கு அழைத்துப் பயிற்றினர். போரில் இடிந்து கிடந்து, 1949இல் தான் அரசாக உருப்பெற்ற ஒரு நாடு, பத்தாண்டுக்குள் பிறர்க்குக் கல்லூரி அமைக்க முன்வந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆனால் கிண்டிக் காட்டில் அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தந்தது சென்னை அரசாங்கம். முதல் நாள் தொட்டே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர் இந்தியர், அவர் பி. சென்குப்தா. ஜெர்மானியர் அருகில் இருந்து துணை செய்தனர். பட்டறையில் மாணவன் தன் கையாலேயே அரம் பிடித்து இரும்பை இழைக்கவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியது, படித்தவன் கை அழுக்காகலாகாது என்றிருந்த நம் பழைய நோய்க்குக் கசப்பு மருந்தாயிற்று. ஏறத்தாழப் பதினைந்தாண்டில் அவர்கள் உதவி படிப்படியாய் ஓய்ந்தது. கழகம் ஓயவில்லை.

அக்காலத்து நம் அரசாங்கத்தார் செய்த சாமர்த்தியம் ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. பம்பாய்க் கழகத்திற்கு யுனெஸ்கோ வாயிலாகச் சோவியத் உதவி, கான்பூருக்கு 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணை, தில்லிக்குப் பிரிட்டன். ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசாத வல்லரசுகள் நம் நாட்டிற் பக்கத்துப் பக்கத்தில் கட்டடம் எழுப்பின. கொடுப்பவர் நால்வராக இருக்கும்பொழுது, நான் சொல்வதே வேதம் என்று எவரும் சொல்ல இயலாது. 1963இல் பொகாரோ எஃகுத் தொழிற்சாலைக்கு அமெரிக்காவிற் பெருந்தயக்கம் எழுந்தபோது, நேரு வேண்டுகோளைத் திரும்பப் பெற்றார். பின் சோவியத் நாடு அதனை எடுத்துக்கொண்டது.

இவை எல்லாவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது சென்னைக் காசநோய் நிலையத்தின் கதை. அதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அதனைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் தலைமை தாங்கினார். அந்நாளில் காசநோயாளிக்குச் சானடோரியமே கதி. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு இவையின்றிப் பிழைப்பில்லை என்பது மேல்நாட்டு மருத்துவரின் துணிபு. நோயாளிகளோ இலட்சக்கணக்கினர், படுக்கைகளோ சில ஆயிரம். ஏழை நோயாளி தன் குடிசையில் இருந்தபடியே மருந்துண்டால் குணமாவானா? இக்கேள்வி இலண்டனுக்கு உரியதன்று. சென்னையின் சேரிகளுக்கே உரியது. நோயாளிகளைச் சீட்டுப்போட்டாற்போல இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றாரைச் சானடோரியத்திலும் மற்றொரு கூற்றாரை வீட்டிலும் வைத்து, இருவர்க்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். வீட்டில் இருந்தவர்க்கு உணவும் குறைவு, இடமும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் இருசாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தனர். உடனிருந்த குடும்பத்தாரிடை நோய் அதிகமாய்ப் பரவவுமில்லை. 1959இல் இம்முடிவு வெளிவந்தபின், செல்வ நாடுகளும் தம் சானடோரியக் கொள்கையை மாற்றிக்கொள்ளத் தலைப்பட்டன. மருந்தை ஒருவர் கண்காணிக்க நோயாளி உட்கொள்ளும் முறைக்கும் அந்நிலையத்து ஆராய்ச்சிகளே பெரிதும் வழிகாட்டின.

கொடுக்க வந்தவர்கள் கற்றுக்கொண்டு சென்றனர். கருவிப்பெட்டியோடு தம் நாட்டுக் கேள்வியையும் கொண்டு வந்திருப்பாராயின் இது நிகழ்ந்திராது. நிலையத்தின் பொறுப்பு நாளடைவில் முற்றிலும் இந்தியரிடம் வந்தது. 2011இல் அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெற்றது.

மீண்டும் பர்மாவிற்குச் செல்வோம். நமக்கும் அவர்களுக்கும் விடுதலையில் ஐந்து மாதமே இடைவெளி. நம் பம்பாய்க் கழகத்திற்கு உதவிய அதே சோவியத் நாடு, ஏறத்தாழ அதே காலத்தில், இரங்கூனிலும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி கட்டிக்கொடுத்தது. இரங்கூன் பல்கலைக்கழகமோ அதற்கு முன்பே தென்கிழக்காசியாவிற் புகழ் பெற்றது. 1962 மார்ச்சில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஜூலையில் மாணவர்மீது துப்பாக்கிப் பிரயோகம்; மறுநாட் காலையில் மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. போர்டு அறநிலையம் முதலிய பிறநாட்டு ஸ்தாபனங்கள் அவ்வாண்டே வெளியேற்றப்பட்டன. 1988இல் நாடெங்கும் மூண்ட கிளர்ச்சி அந்தச் சோவியத் கல்லூரியின் மாணவரிடமிருந்தே தொடங்கிற்று. பின்னர் உயர்கல்விக் கூடங்கள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தன. செங்கல் நின்றது, சோதனைச் சாலையும் நின்றது, பெட்டியடியில் அமர்ந்து கற்றவனைப் பேரேடு எழுத விடுவாரில்லை. உதவி செய்தவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆசிரியர் அஞ்சாமற் கற்பிக்கவும் மாணவர் அஞ்சாமற் கேட்கவும் உள்நாட்டு ஆட்சி இடந்தராவிடில், எந்நாட்டார் எவ்வளவு கொடுத்தும் கட்டடமே எஞ்சும்.

நம் நாட்டுக் கணக்கிலும் ஒரு பற்று உண்டு. இக்கழகங்களிற் கற்றோர் பலர் அமெரிக்கா சென்று குடியேறினர். கொடுத்தவர் நாட்டிற்கே அடுத்தாள் குடிபோவானாயின், இது எவருக்குச் செய்த உதவி என்று கேட்பது நியாயமே. போகாது தங்கியோர் பற்பல பொறியியற் கல்லூரிகளிற் கற்பித்தனர் என்று விடை கூறுவதுண்டு. அவ்விடை எமக்கு நிறைவளிக்கவில்லை. கற்றவனுக்கு வேலைக்களம் அமைக்க உடன்படிக்கை எதுவும் எழுதவில்லை. அது நாமே செய்திருக்கவேண்டிய பாதி.

மிஷன் கல்லூரிகளில் இருக்கும் நாம் நம்மையும் இவ்வளவுகோலால் அளந்துகொள்ளல் வேண்டும். அவையும் பிறநாட்டார் பொருளாலும் உழைப்பாலும் எழுந்தவையே. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1837இற் பள்ளியாகத் தோன்றியது. அதன் முதல்வர் இருக்கையில் முதன்முதல் ஓர் இந்தியர், சந்திரன் தேவநேசன், அமர்ந்தது 1962இல். நூற்றிருபத்தைந்து ஆண்டு! வந்தவர்கள் அன்பிற் குறைந்தவர்களல்லர். பலர் தம் வாழ்நாளையே இங்குக் கழித்தனர். அந்த அன்பே கைவிட்டுப் போக மனமில்லாமைக்குக் காரணமாயிற்றோ என்று நினைக்கத் தோன்றுகிறது. கான்பூருக்கு வந்த அமெரிக்கர்க்கு அவ்வளவு பற்றில்லை. பத்தாண்டில் மூட்டை கட்டினர். அதனாலும் ஒரு நன்மை விளைந்தது.

இதனையெல்லாம் இன்று எழுதுவதற்குக் காரணம், நாம் கொடுப்போர் வரிசைக்கு வந்துவிட்டமை. 1964 முதல் இந்திய அரசாங்கம் பிறநாட்டார் பல்லாயிரவர்க்குத் தொழிற்பயிற்சி அளித்துவந்துள்ளது. ஜெர்மானியர் துணையால் எழுந்த அதே சென்னைக் கழகம், 2023இல் ஆப்பிரிக்கக் கரையோரத்து ஸான்ஸிபார்த் தீவில் ஒரு கிளையைத் திறந்தது. பிரீத்தி அகலாயம் அதன் முதற்பொறுப்பை ஏற்றார். நம் கல்லூரிகளிற் கற்ற இளைஞர் இனி அங்கும் அதுபோன்ற பிறவிடங்களுக்கும் ஆசிரியராய்ச் செல்வர். மொகல் தெருவிற்குச் சென்றவர்களின் பேரரும் அவருள் இருக்கக்கூடும். ஸான்ஸிபார் மாணவன் எத்தனை பேர் அங்குச் சேர்கின்றனர், அவருள் எத்தனை பேர் ஆசிரியராகப் பயிற்றப்படுகின்றனர், அத்தீவார் ஒருவர் இயக்குநராய் அமர்தற்குக் குறித்த ஆண்டு எது என்னும் மூன்றையும் அவர்கள் புறப்படுமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளல் வேண்டும்.