கணக்கா, கற்பனையா?

இங்கிலாந்தில் படிக்கிற எங்களுக்குப் பதினாறு வயதில் ஒரு விசித்திரமான வேலை தரப்படுகிறது. ஜி.சி.எஸ்.இ.க்கு ஒன்பது, பத்துப் பாடம் படித்தவர்கள் ஏ லெவலுக்கு அதை மூன்றாகச் சுருக்க வேண்டும். பலர் மூன்றையும் ஒரே பக்கத்திலிருந்து எடுக்கிறோம். ஒரு கூட்டம் கணிதம், பௌதிகம், இரசாயனம் என்று போகிறது. இன்னொரு கூட்டம் இலக்கியம், ஓவியம், நாடகம் என்று போகிறது. அதோடு ஒரு பெயரும் ஒட்டிக்கொள்கிறது. இவனுக்குக் கணக்கு ஓடும். அவள் கற்பனைக்காரி, கணக்கு வராது.

நான் இப்போது பன்னிரண்டாம் ஆண்டில், ஹரோவில் படிக்கிறேன். கணிதம், பௌதிகம், ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறேன். முதல் இரண்டையும் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் மூன்றாவதைக் கேட்டதும் "அது ஏன் தம்பி?" என்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கும் பதில். கேட்கிறவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இவ்வளவும் சொல்ல முடியாது.

அறிவுரைகள் மாறிய வேகத்தை முதலில் பாருங்கள். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது எல்லா மாமாக்களும் "கோடிங் படி, வேலை நிச்சயம்" என்றார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அது கோடிங்கும் எழுதும் என்று தெரிந்ததும் அதே மாமாக்களில் சிலர் "இனி கற்பனை உள்ளவனுக்குத்தான் வேலை, மெஷினுக்குக் கற்பனை வராது" என்று மாறிவிட்டார்கள். ஓவியம் படிக்க ஆசைப்பட்ட என் ஒன்றுவிட்ட தங்கைக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்கும். ஆனால் அவளிடம் "படமும் இப்ப மெஷின் கீறுது பிள்ளை" என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு பக்கக் கதவும் அடைத்தாயிற்று.

இந்த இரண்டு அறிவுரைக்கும் வேர் ஒன்றுதான். கணக்கு ஒரு பெட்டி, கற்பனை வேறொரு பெட்டி, ஒன்று பாதுகாப்பானது, மற்றது ஆபத்தானது. எது பாதுகாப்பானது என்பதில்தான் மாமாக்கள் கட்சி மாறினார்கள். பெட்டிகள் இரண்டாக இருக்கின்றனவா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

மெஷினுக்குக் கற்பனை வராது என்பதை எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல், கோ விளையாட்டின் பெரிய வீரர்களில் ஒருவரான லீ செடோலுடன் மோதியது. இரண்டாவது ஆட்டத்தில் அது வைத்த 37ஆவது காயைப் பார்த்து, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்களே திகைத்தார்கள். மனிதர் ஒருவர் அப்படி ஆடுவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்பது ஆல்ஃபாகோவின் சொந்தக் கணிப்பு. பிழை போலத் தெரிந்த அந்தக் காய், ஆட்டம் போகப் போக அழகாகிவிட்டது. வெறும் கணக்கிலிருந்து வந்த அழகு அது. நான்காவது ஆட்டத்தில் லீ செடோல் தன் 78ஆவது நகர்வால் திருப்பி அடித்தார். அவர் வென்றது அந்த ஓர் ஆட்டம்தான். தொடர் 4-1 என்று முடிந்தது.

அந்த நிரலைச் செய்தது டீப்மைண்ட். தூர தேசத்து நிறுவனம் இல்லை, 2010இல் எங்கள் லண்டனில் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான டெமிஸ் ஹசாபிஸ் வடக்கு லண்டன் பெடியன். தகப்பன் கிரேக்க சைப்ரியட், தாய் சிங்கப்பூர்ச் சீனர், அதாவது எங்களைப் போலக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. சிறுவனாகச் சதுரங்கத்தில் பேர் எடுத்தவர். பதினேழு வயதில் தீம் பார்க் என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். பிறகு கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படித்தார். அதற்கும் பிறகு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மூளையைப் பற்றி ஆராய்ந்தார். 2007இல் அவரும் கூட ஆராய்ந்தவர்களும் ஒன்றைக் காட்டினார்கள். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சேதமடைந்து நினைவை இழந்தவர்களுக்கு, நடக்காத ஒன்றைக் கற்பனை செய்வதும் கடினமாகிறது. கற்பனைக்குத் தனி அறை இல்லை, அது நினைவின் வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 2024இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விளையாட்டு, கணினி, மூளை, வேதியியல். எந்த மூன்று பாடத்துக்குள் இவரை அடக்குவது?

இடது மூளை கணக்குக்கு, வலது மூளை கலைக்கு என்ற சுவரொட்டி எங்கள் வகுப்பறை ஒன்றில் இன்னும் தொங்குகிறது. ரோஜர் ஸ்பெரியின் ஆராய்ச்சி இரு பாதிகளுக்கும் வேறு வேறு வேலைகள் உண்டு என்று காட்டியது உண்மை. அவருக்கு 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மனிதர்களே இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று பிரிந்திருக்கிறார்களா என்று யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களைப் பார்த்தார்கள். அப்படி ஒரு பிரிவுக்கு ஆதாரம் இல்லை என்று 2013இல் எழுதினார்கள். சுவரொட்டியைக் கழற்றலாம்.

எனக்கு இதைத் தெளிவாக்கியது மிருதங்க வகுப்பு. சங்கீதத்தில் "கணக்கு" என்றே ஒரு சொல் புழங்குகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. ஒரு சொற்கட்டை மூன்று தரம் வாசித்து, நடுவில் இரண்டு இடைவெளி விட்டு, சரியாக அடுத்த சமத்தில் வந்து விழ வேண்டும். பள்ளிக் கணிதத்தில் எழுதினால் மூன்று சொற்கட்டும் இரண்டு இடைவெளியும் சேர்ந்து 32. சொற்கட்டு 10 என்றால் இடைவெளி 1. சொற்கட்டு 8 என்றால் இடைவெளி 4. சொற்கட்டு 6 என்றால் இடைவெளி 7. எல்லாம் சரியான விடைகள். பரீட்சையில் எதை எழுதினாலும் முழு மதிப்பெண்.

ஆனால் கையில் வாசித்துப் பாருங்கள். பத்தும் ஒன்றும் மூச்சு விட நேரம் தராது, துரத்துகிற மாதிரி இருக்கும். எட்டும் நான்கும் அமைதியாக நடந்து வரும். ஆறும் ஏழும் குறும்பு: இடைவெளி சொற்கட்டைவிட நீளம், முடிந்துவிட்டது என்று சபை கை தட்டப் போகும் நேரத்தில் மறுபடி தொடங்கும். இப்போது பாடிய பாட்டுக்கு எது பொருந்தும்? அதைச் சமன்பாடு சொல்லாது. கணக்குத் தெரியாதவருக்கோ தெரிவு செய்ய மூன்று விடைகளே இருக்காது. பாடுகிறவர் அந்த நேரத்தில் மனதில் தோன்றியதைப் பாடுவதற்குப் பெயர் கற்பனாசுவரம். அந்தக் கற்பனையும் கடைசியில் கணக்கோடுதான் வந்து இறங்குகிறது.

கோலமும் இப்படித்தான். தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் புள்ளிக் கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். என் அம்மம்மா மூன்றே விரலில் போடுவது அவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருள்.

ஆல்ஃபாகோவுக்கு வராதது எது என்று கேட்டால், இந்தத் தெரிவைத்தான் சொல்வேன். கோ விளையாட்டில் வெற்றி எது என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதை யாரும் யோசிக்கத் தேவையில்லை. ஒரு மருத்துவமனையில் எந்த நோயாளியை முதலில் பார்ப்பது, ஒரு தெருவில் மரம் வேண்டுமா வண்டி நிறுத்துமிடம் வேண்டுமா என்பதற்கு அப்படிப் புத்தகம் இல்லை. விடைகளை மெஷின் வரிசையாக அடுக்கித் தரும். அவற்றைச் சரிபார்க்க ஒருவருக்குக் கணக்குத் தெரிய வேண்டும். எதை விட்டுவிட்டது என்று கண்டுபிடிக்க, அங்கே இல்லாத மனிதரை மனதில் கொண்டுவரத் தெரிய வேண்டும். கடைசியில் "இது என் முடிவு" என்று கையெழுத்துப் போடவும் வேண்டும். நாளைய வேலை இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கும் என்று நினைக்கிறேன்.

பெற்றோர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யுத்தத்தால் வெளிக்கிட்டு வந்து, படித்த படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் இரவு வேலை செய்தவர்களுக்கு டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்பது பெருமைக்காக மட்டும் இல்லை. எந்த நாட்டுக்கு ஓட நேர்ந்தாலும் கையோடு வருகிற சொத்து என்று நம்பினார்கள். ஓவியம் அப்படிக் கூட வராது என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் "என் கனவு" என்று மட்டும் பேசினால் வீட்டில் எடுபடாது.

ஆகவே பதினோராம் ஆண்டில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. மருத்துவத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் இரசாயனமும் உயிரியலும் கேட்கின்றன. மூன்றாவது பாடம் பெரும்பாலும் உங்கள் விருப்பம். பொறியியலுக்குக் கணிதமும் பௌதிகமும் இருந்தால் பல இடங்களில் அதே கதைதான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் நிபந்தனைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. படிவத்தை நிரப்புமுன் அம்மா அப்பாவைப் பக்கத்தில் இருத்தி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். மூன்றாவது வரி அங்கே காலியாகத்தான் இருக்கும்.