எண்ணூர் வெளிச்சம்

‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ வீடியோ 2017 ஜனவரியில் வந்தது. அதைப் பற்றி நம் நண்பர்கள் இன்றைக்கும் இரண்டே விஷயம்தான் சொல்கிறார்கள். ஒன்று, கர்நாடக சங்கீதம் எண்ணூருக்கு வந்துவிட்டது. இன்னொன்று, அந்த வெளிச்சம். போன மாதம் ஒரு நண்பர் எனக்கெழுதிய கடிதத்தில், மறைந்துவரும் ஒரு சமூகத்தின் மீது விழும் கடைசி வெளிச்சம் அது என்கிறார். படித்ததும் கோபம்தான் வந்தது.

நான் திருவொற்றியூர்க்காரன். அனல் மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். அந்தக் குழாய் பல வருஷங்களாக ஒழுகி, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. காய்ந்தால் பறக்கும். நண்பர் ரசித்தது இந்த வெளுப்பைத்தான். டி.எம். கிருஷ்ணா அங்கே முகமூடியோடு நிற்பது அலங்காரத்துக்காக அல்ல.

‘மறைந்துவரும்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். மறைதல் தன்வினை. சூரியன் மறைகிறது, யாரும் பொறுப்பில்லை. மறைத்தல் என்றால் செய்தவன் ஒருவன் உண்டு. 1996இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. பின்னால் வந்த மாநில வரைபடத்தில் அது இல்லை என்பதை மீனவர்களும் அவர்களோடு நின்றவர்களும் 2017இல் அம்பலப்படுத்தினார்கள். ஒரு கழிமுகம் காகிதத்தில் தானாக மறையுமா? ஆர்ட் காலரி நோட்டீஸ்களில் புழங்கும் சோகத்தை நாம் அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். (பி.ஏ. இங்கிலீஷ் படித்த எனக்கும் இந்த வியாதி உண்டு.)

கபேர் வாசுகி எழுதிய பாட்டு இந்த ரசிகர்களைவிடப் புத்திசாலி. புறம்போக்கு என்பது வரிக் கணக்குக்குப் புறம்பான பொது நிலம். ஏரி, மேய்ச்சல், சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். அது எப்படி வசவாயிற்று என்று பாட்டு கேட்கிறது. என் குறை காமிராவிடம்தான். ரதீந்திரன் பிரசாத்தின் சட்டகத்தில் மையம் பாடகருடையது. கழிமுகம் அவர் நிற்கும் மேடையாகிவிடுகிறது.

எங்கள் பாங்கிக்கு ஒரு அம்மாள் வருவார். இடுப்பளவுத் தண்ணீரில், ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிப்பவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகமெங்கும் பரவியது. அதற்கப்புறம் ஒருநாள் பணம் எடுக்க வந்தார். பெருவிரலை நாலு தடவை வைத்துப் பார்த்தோம், மிஷினில் ரேகை விழவில்லை. தோல் உரிந்திருந்தது. “தண்ணிக்குள்ள என்னாய்யா தெரியும், எல்லாம் இந்த வெரலுதான்” என்று சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார்.

அந்த விரலுக்குத் தெரிந்ததில் வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. கலங்கிய தண்ணீருக்கடியில் நடப்பதை வீடியோ எப்படிக் காட்டும்? எனக்குத் தெரியவில்லை. இந்தச் சிக்கலில் மாட்டித் திண்டாடுகிற படம் ஒன்று வந்தால், மோசமாக இருந்தாலும், அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதத் தயார். நண்பருடைய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை.