காவிரி மணலுக்கு அடியில் ஒரு 'சுத்திகரிப்பு நிலையம்': மணலும் மட்டியும் போனால் திருச்சி குடிநீர் என்ன ஆகும்?

மணல் குவாரி பிரச்னை வரும்போதெல்லாம் எத்தனை லோடு, எத்தனை கோடி என்றுதான் பேச்சு. 2023 செப்டம்பரில் தமிழகத்தில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியபோதும் விவாதம் அதைச் சுற்றியே நடந்தது. ஆனால் அள்ளிப்போகும் மணலோடு இன்னொன்றும் சேர்ந்தே போகிறது. அது தண்ணீரில் இருக்கும் நைட்ரஜன் கழிவைக் குறைக்கும் நுண்ணுயிர்க் கூட்டம்.

திருச்சிக்கு இது ஏன் முக்கியம்?

திருச்சி மாநகரம் குடிப்பது ஆற்றின் மேல் ஓடும் தண்ணீரை அல்ல. கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுப்படுகைக்குள் இறக்கப்பட்ட கிணறுகளில் இருந்து, மணல் வழியாக ஊறிவரும் நீரைத்தான். முத்தரசநல்லூரில் எடுக்கப்படும் காவிரி நீர் ராமநாதபுரம் வரை போகிறது. ஆக, மணல்தான் முதல் வடிகட்டி.

அதே நேரம், மேட்டூரில் இருந்து மயிலாடுதுறை வரையிலான காவிரியை, மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் 2018-ம் ஆண்டு பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேர்த்தது. திருச்சி இருப்பது இதற்கு நடுவில்.

மணலுக்குள் என்ன நடக்கிறது?

துறையூர் பக்கம் வயலில் போடும் யூரியாவாக இருக்கட்டும், நகரத்தின் சாக்கடையாக இருக்கட்டும், இரண்டிலும் நைட்ரஜன் உண்டு. அது அம்மோனியாவாக மாறி ஓடைகளுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்கிறது.

ஆக்சிஜன் இருக்கும் மேல் மணலில் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்யும் என்பது 2015-ல்தான் தெரியவந்தது. ஆக்சிஜன் குறைந்த கீழ் அடுக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

இந்தச் சங்கிலி அறுந்தால் நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். 'கொதிக்க வெச்சா சரியாயிடும்' என்பதும் தவறு. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றுமே தவிர, நைட்ரேட் போகாது.

மட்டிக்கு இதில் என்ன வேலை?

ஆற்று மட்டிகள் நீரை உறிஞ்சி பாசியையும் மிதக்கும் துகள்களையும் தின்கின்றன. மிச்சம் கழிவாக மணலில் இறங்குகிறது. அதுதான் நுண்ணுயிர்களுக்கு உணவு. மட்டி நகரும்போது மணலும் கிளறப்படுகிறது. அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றில் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வண்டலில் உள்ள நுண்ணுயிர்களின் மரபணுவைப் பரிசோதித்தபோது, மட்டி வாழும் இடத்தில் நைட்ரஜன் சுழற்சி பாக்டீரியாக்களின் அளவும் அவை இருக்கும் ஆழமும் மாறுவது தெரிந்தது.

ஆனால் மட்டி ஒன்றும் மந்திரக்கோல் இல்லை. அதுவும் அம்மோனியாவை வெளியேற்றும். சாக்கடை அதிகமானால் முதலில் சாவதும் மட்டிக் குஞ்சுகள்தான். இதைக் கணக்கில் எடுத்துத்தான் அமெரிக்கா 2013-ல் நன்னீருக்கான அம்மோனியா வரம்பைக் கடுமையாக்கியது.

'அடுத்த வெள்ளத்துல மணல் வந்துடும்' என்பது சரியா?

முழுசா சரியில்லை. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, மேலிருந்து வரும் மணலின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அப்படியே மணல் வந்தாலும் மட்டி உடனே வந்துவிடாது. அதன் குஞ்சுகள் மீன் செவுள்களில் ஒட்டிக்கொண்டு வளர்ந்து, பிறகுதான் மணலில் இறங்கும். அதாவது மீன் வேண்டும், அசையாத மணல் வேண்டும், ஆண்டுக்கணக்கில் நேரமும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

மணல் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளப்பதுபோல, அதில் என்ன உயிர் இருக்கிறது என்றும் குவாரி அனுமதிக்கு முன் பார்க்கலாம். கிணறுகளைச் சுற்றியுள்ள படுகையைத் தொடாமல் விடலாம். முக்கியமாக, சாக்கடையை சுத்திகரித்துவிட்டே ஆற்றில் விட வேண்டும். மணல் செய்யும் வேலைக்கும் ஓர் அளவு உண்டு. கழிவு கூடி மணல் குறைந்தால், அந்த வேலையை காசு கொடுத்து இயந்திரத்தில் செய்ய வேண்டிவரும். அந்தச் செலவு கடைசியில் வந்து சேர்வது குடிநீர் கட்டணத்தில்தான்.